ஏழாவது குப்பி

போன மாதம் நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்கு வேலை தேடுவது எப்படி என்று நான் வந்து முக்கால் மணி நேரம் பேச வேண்டுமாம். கடைசியில் ஒரு குறிப்பு வேறு: பேச்சை ஐந்து பாயிண்டுகளாகச் சுருக்கி முன்கூட்டியே அனுப்பினால் திரையில் போட வசதியாக இருக்கும்.

ஐந்து பாயிண்ட்! படித்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து நானே போய் எடுத்து நீவி மேஜையில் வைத்தேன். கோபம் அந்தக் கல்லூரிக்காரர்கள் மேல் இல்லை. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லப்பட்ட ஒரு அறிவுரையை அப்படியே கேட்டு நடந்தவள் நான். அதன் பலனாகத்தான் இன்று பேச அழைக்கப்படும் இடத்தில் இருக்கிறேன். கோபம் அதனால்தான்.

நான் படித்து முடித்தது தொண்ணூறுகளின் கடைசியில். வீடு மலையாளம் பேசும் நகரத்தின் நடுவில், தமிழ் வியாபாரிகள் நிறைந்த ஆரியசாலையில், மிளகாய் மொத்தக் கடை ஒன்றின் பின்புறம். அப்பா அந்தக் கடையில் தராசுக்காரர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே வந்து அந்தத் தராசுப் பக்கத்தில் நின்றவர், அப்புறம் நகரவே இல்லை. மூட்டை பிரிக்கிற நாளில் வீட்டில் யாராலும் பத்து நிமிடம் தும்மாமல் இருக்க முடியாது. காற்று மாசு பற்றிய பாடத்தை நான் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தேன் என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள்.

எங்கள் தெருவில் முதுகலை வரை போன முதல் பெண் நான். அதனால் அப்பாவுக்குப் பெருமைக்கும் குறைவில்லை, தலைவலிக்கும் குறைவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மகள் என்ன படித்தாள் என்று கேட்பார்கள். அவர் சொல்வார். உடனே அடுத்த கேள்வி வரும்.

"மக்ளே, அந்தப் படிப்புக்கு என்ன வேலன்னு கேக்காங்க. நான் என்னன்னு சொல்ல?"

"காடு, தண்ணி, காத்து எல்லாம் கெடாம பாத்துக்கது அப்பா."

"அப்ப நகரசபையில குப்ப அள்ளுக டிபார்ட்மென்டான்னு ஒருத்தன் கேட்டான். இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னது சரிதானே?"

சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. அரசு வேலைக்கு விண்ணப்பம் வாங்கப் போனால், தாவரவியல் உண்டு, விலங்கியல் உண்டு, வேதியியல் உண்டு, நான் படித்தது மட்டும் பட்டியலில் இல்லை. மூன்றையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறேன் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொன்னேன். "மூணும் படிச்சா ஒண்ணும் படிச்சதாவில்ல, கேட்டோ" என்றார் அவர். என் படிப்பு அந்த மூன்றில் ஒன்றுக்குச் சமம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்டால், எந்த வேலைக்கு என்று தெரிந்தால்தான் சமச் சான்றிதழ் தர முடியும் என்றார்கள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் நான் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தேன். செருப்புத்தான் தேய்ந்தது.

இதற்கிடையில் ஆளாளுக்கு அறிவுரை. பக்கத்து வீட்டு மாமா பி.எட். படிக்கச் சொன்னார். கூடப் படித்தவளின் அண்ணன் கம்ப்யூட்டர் கற்கச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்புப் பத்திரிகையில் ஒருவர் வாரா வாரம் எழுதுவார், சுற்றுச்சூழல் துறைக்கு ஒளிமயமான எதிர்காலம் என்று. அந்த ஒளி எந்தத் தெருவில் எரிகிறது என்று மட்டும் ஒரு வாரமும் எழுதவில்லை.

இவையெல்லாம் காதில் வாங்கி விட்டுவிடக் கூடியவை. விட முடியாத அறிவுரை என் பேராசிரியர் தந்தது. கடைசி வகுப்பில் எங்கள் ஒன்பது பேரையும் உட்கார வைத்து அவர் சொன்னார்: "முதலில் அனுபவம் சம்பாதியுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். இது சின்னத் துறை, யாரையும் பகைத்துக்கொள்ளாதீர்கள்." நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். இன்று அந்த நோட்டு கிடைத்தால் அடிக்கோட்டை அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

அவரே ஒரு கடிதம் எழுதித் தந்து என்னைப் பேட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்த நிறுவனத்துக்கு அனுப்பினார். எங்கேயாவது ஒரு தொழிலோ கட்டடமோ வரப்போகிறது என்றால், அதனால் இயற்கைக்கு என்ன கெடுதல் வரும் என்று ஆராய்ந்து அறிக்கை தருவது அவர்கள் வேலை. அதை நடத்தியவரைச் 'சார்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். கதர் ஜிப்பா போடுவார். காடுகளைக் காப்பது பற்றி மேடைகளில் உருகி உருகிப் பேசுவார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் ஒருமுறை துடைத்திருக்கிறேன்.

பஸ் காசும் மதியச் சோறும் உண்டு, சம்பளம் கிடையாது. இரண்டு வருடம் முடிந்தால் அனுபவச் சான்றிதழ். அந்தக் காலத்தில் எங்கள் துறையில் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் "மாதிரி சேகரிப்பில் இரண்டு வருட அனுபவம்" என்று ஒரு வரி இருக்கும். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். அந்த வரியைத் தாண்ட எனக்கு இருந்த ஒரே வழி அந்த மாடிதான்.

மாடியில் நான் கற்றுக்கொண்ட முதல் வித்தை, பழைய அறிக்கையிலிருந்து புதிய அறிக்கை செய்வது. கடலோரத் திட்டம் ஒன்றுக்கு எழுதிய பறவைப் பட்டியல், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, மலைத் திட்டத்துக்குள் போனது. ஆலா என்ற கடற்பறவை தேயிலைக் காட்டில் கூடு கட்டியது. நான் போய்ச் சொன்னேன். "யாரு வாசிக்கப் போறா?" என்றார் சார். யாரும் வாசிக்கவில்லை, அது உண்மைதான். அன்றே நான் அந்த மாடிப்படியில் இறங்கி வந்திருக்க வேண்டும். ஆனால் பதினாலு மாதம் முடிந்திருந்தது, இன்னும் பத்துதான் பாக்கி என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபதாவது மாதத்தில் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பகுதியில் சுற்றுலாக் குடில்கள் கட்டப் போகிறார்கள், அதற்கான ஆய்வு. அதுவரை களத்துக்குக் கூட்டிப் போகாத என்னை அன்று மட்டும் கூட்டிப் போனதற்கு ஒரே காரணம், அங்கே வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். படித்த படிப்புக்கு இல்லாத மதிப்பு பேசுகிற பேச்சுக்குக் கிடைத்தது.

காலையில் சார் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்திருந்த ஆறு இடங்களில் ஓடைத் தண்ணீர் எடுத்தோம். ஆறு கண்ணாடிக் குப்பிகளும் ஐஸ் பெட்டிக்குள் போயின, பெட்டி ஜீப்பில் ஏறியது, ஜீப் மதியத்துக்கு முன்பே சாரோடு இறங்கிப் போய்விட்டது. தொழிலாளிகளின் வீட்டு வரிசைகளில், அவர்கள் லயம் என்று சொல்வார்கள், வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு நான் மூன்று மணி பஸ்ஸில் வர வேண்டும் என்று ஏற்பாடு.

கேள்வித்தாளில் இருபத்திரண்டு கேள்விகள். அதில் ஒன்று, சுற்றுலாப் பயணிகள் வருவதை நீங்கள் வரவேற்கிறீர்களா? நாலாவது வீட்டில் இருந்த அக்காவிடம் அதைக் கேட்டேன். நாற்பது வயது இருக்கும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு.

"வாறவங்க வரட்டு. நாங்க வேண்டாம்னா வராம இருப்பாங்களா? அது போட்டு, காலத்தே அந்தக் குப்பியில எல்லாம் வெள்ளம் எடுத்தீங்களே, எங்க வெள்ளமும் எடுத்தியா மோளே?"

"இல்ல அக்கா. ஓடையில மட்டும்தான்."

"ஓடையில யாரு குடிக்கா? நாங்க குடிக்கது அந்த டாங்குலேருந்தாக்கும்."

கை காட்டினாள். லயத்துக்கு மேலே, சரிவில், பாசி பிடித்த ஒரு சிமெண்டுத் தொட்டி. மூடி உடைந்து கிடந்தது. தொட்டிக்கும் மேலே கூரை போன நாலு கக்கூஸ்கள். படித்தவள் வந்து சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, கண் இருந்தால் போதும்.

"திளப்பிச்சு குடிக்கணும்னு நர்சம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. நானும் தினமும் கொதிக்க வச்சுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கேன். விறகுக்கு எங்க போக? காட்டுல கேறினா பாரஸ்ட்காரன் பிடிக்கான். நீ சோதிச்சு நல்ல வெள்ளம்னு சொல்லிட்டா இந்த விறகுப் பாடு ஒழியும்."

என் பையில் ஒரு குப்பி மிச்சம் இருந்தது. களத்துக்குப் போகிறவர்களிடம் எப்போதும் ஒன்று கூடுதலாகக் கொடுத்து அனுப்புவார்கள், உடைந்தால் தேவைப்படும் என்று. எனக்கு அப்போது எந்தத் தயக்கமும் வரவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் நான் செய்த எதிலும் தயக்கம் இல்லாமல் இல்லை.

தொட்டியிலிருந்து வரும் இரும்புக் குழாயின் வாயை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திச் சுட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீரை ஓட விட்டேன். கையைக் கழுவி, குப்பியின் மூடியைத் தரையில் வைக்காமல் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நிரப்பினேன். நான் நெருப்பைப் பற்ற வைத்ததுமே லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். இருபது பேராவது இருப்பார்கள். தங்கள் தண்ணீரை ஒருத்தி இத்தனை பக்குவமாக எடுப்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கிழவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப தெரியும் மோளே?"

"ரெண்டு நாள்ல அக்கா. நானே வந்து சொல்லுறேன்."

"இதுக்கு உனக்கு எவ்வளவு சம்பளம்?"

"சம்பளம் ஒண்ணும் இல்ல. இப்படி ரெண்டு வருஷம் செஞ்சா ஒரு சர்டிபிகேட் கொடுப்பாங்க. அதக் காட்டினா வேல கிடைக்கும்."

அவள் சிரித்தாள். "சும்மா வேல செஞ்சா வேல கிடைக்கும்னு சொல்லுதியா? நல்லா இருக்கு. சரி, நல்ல வேலையா கிடைக்கட்டு" என்று என் தலையைத் தொட்டாள்.

ஐஸ் பெட்டி ஜீப்போடு போய்விட்டது அல்லவா? ஐஸ் இல்லாமல் அந்தத் தண்ணீரைக் கொண்டு போனால் சோதனைக்கு ஆகாது. பஸ் வளைவு வளைவாக இறங்கி விதுராவுக்கு வந்ததும் குதித்து, சந்தை ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் ஐஸ் கேட்டேன். மீன் வேண்டாம், ஐஸ் மட்டும் போதும் என்றதும் அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். என் சோற்றுத் தூக்கில் பிளாஸ்டிக் பையைப் பரப்பி, நடுவில் குப்பியை இறக்கி, சுற்றிலும் ஐஸைத் திணித்து, துண்டால் இறுக்கிக் கட்டினேன். நெடுமங்காடு தாண்டும் வரை பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. மீன் நாற்றம் அப்படி. இருட்டுவதற்குள் மாடிக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். குப்பியைத் தொட்டால் விரல் மரத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த இரண்டு வருடத்தில் வேறு எந்த நாளும் இருந்ததில்லை.

சோதனை எளிது. ஊதா நிறச் சத்து நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை அளந்து விட்டு, உடம்புச் சூட்டில் இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும். முதல் நாளே பாதி மாறியது. இரண்டாம் நாள் காலையில் குழாய்கள் இருந்த சூட்டுப் பெட்டியைத் திறந்தால், ஏழாவது குப்பியின் குழாய்கள் ஒன்று விடாமல் மஞ்சள்.

தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் குழாய்களைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார். ஆறு இடம்தானே குறித்தேன், இது எங்கிருந்து வந்தது என்றார். சொன்னேன். அவர் பேசியது மலையாளம். எனக்கு நினைவில் இருப்பது எங்கள் வீட்டுத் தமிழில்.

"மோளே, நம்மள கூப்பிட்டது குடில் கட்டுகவங்க. குடிலுக்கு எடுக்கப் போற வெள்ளம் ஓடையிலேருந்து. லயத்து வெள்ளம் நம்ம ஸ்கோப்புல இல்ல."

"சார், அதத்தான் அவங்க குடிக்கிறாங்க."

"குடிக்கட்டே. இத்தன வருஷமா குடிச்சிட்டுத்தானே இருக்கு?"

ஸ்கோப்பில் இல்லை. அந்தச் சொல்லை இன்றைக்கு யார் என் முன்னால் சொன்னாலும் எனக்கு வயிறு எரியும். காட்டைப் பற்றிப் பேசி ஊரை அழவைத்த வாய் அது. அன்றைக்கு நான் கத்தினேன் என்று சொல்ல ஆசைதான். கத்தவில்லை. "இது சின்ன பீல்டு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்" என்று அவர் சொன்னபோது, பேராசிரியரின் குரல் போலவே எனக்குக் கேட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்து குழாய்களைக் கழுவி வைத்தேன்.

மலைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறினால் பாதி நாள் வேலை. ஆனால் லயத்துக்குள் புதிதாக ஒரு ஆள் நுழைந்தால் தோட்ட ஆபீசுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரிந்தால் சாருக்குத் தெரியும், அப்புறம் சான்றிதழ்? ஒரு கார்டு எழுதிப் போடலாமா என்று யோசித்தேன். அங்கே தபாலெல்லாம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் போகும். இப்படி ஒவ்வொரு வழிக்கும் ஒரு தடை கண்டுபிடித்தேன். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல ஆராய்ச்சித் திறமை. தினமும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன் என்று அக்கா சொன்னாளே, அப்படியே கொடுத்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் ஆகாது, வேலை கிடைத்ததும் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

இரண்டு வருடம் முடிகிற நேரத்தில், அரசு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. அனுபவச் சான்றிதழை அசலாகக் காட்ட வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தைக் கடையில் இருந்த எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொன்னார், மூட்டை தூக்குகிறவர்கள் உட்பட. நான் தும்மிக்கொண்டே படித்தேன்.

சாரிடம் சான்றிதழ் கேட்டேன். மேஜையில் இரண்டு காகிதங்கள் வைத்தார். ஒன்று சான்றிதழ். இவள் இரண்டு வருடம் திறமையாக மாதிரி சேகரித்தாள், நேர்மையானவள் என்று இருந்தது. இன்னொன்று நான் கையெழுத்துப் போட வேண்டியது. ஏழாவது குப்பி பயிற்சிக்காக எடுத்தது, ஐஸில் வைக்காமல் கொண்டு வரப்பட்டது, ஆகவே அதன் முடிவு எதற்கும் பயன்படாது என்று டைப் அடித்திருந்தது. நான் முடிவை எழுதிய பதிவேட்டுக்குள் அந்தக் காகிதம் போக வேண்டுமாம், நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது என்று.

"ஐஸ்ல வச்சுத்தான் சார் கொண்டு வந்தேன்."

"மீன்காரி ஐஸ். அதெல்லாம் ஐஸா?" என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இரண்டாவது காகிதத்தில் ஒப்பமிட்டு, முதல் காகிதத்தை எடுத்துக்கொண்டு, நன்றி சார் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் என் வாயிலேயே அறைய வேண்டும் போலிருக்கிறது.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். சான்றிதழைப் புரட்டிவிட்டு நடுவில் இருந்தவர் கேட்டார்: களத்தில் ஐஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? நான் யோசிக்கவே இல்லை. மீன் விற்கிற அம்மாள், சோற்றுத் தூக்கு, துண்டு, பஸ்ஸில் காலியாக இருந்த பக்கத்து சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "இப்படிப்பட்ட ஆள்தான் நமக்கு வேணும்" என்றார் ஒருவர். எந்த ஐஸ் இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போட்டேனோ, அந்த ஐஸ்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது.

இதையெல்லாம் அந்தக் கல்லூரியில் போய்ச் சொன்னேன். ஐந்து பாயிண்ட் அனுப்பவில்லை. திரை வெள்ளையாகவே இருந்தது. அமைப்பாளர் முன்வரிசையில் நெளிந்துகொண்டே இருந்தார். சும்மா வேலை வாங்கிக்கொண்டு சான்றிதழைத் தூண்டிலாக ஆட்டுகிற இடங்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகக் கேட்டாள்.

"மேடம், அந்த அக்காகிட்ட எப்பழா போய் சொன்னீங்க?"

கை தட்டல் நின்றுவிட்டது. எட்டு மாதம் கழித்து என்றேன்.

வேலையில் சேர்ந்து, முதல் விடுமுறை நாளில் போனேன். மழைக்காலம் முடிந்து சாலையெல்லாம் பெயர்ந்து கிடந்தது. ஆரியசாலையிலிருந்து ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு போனேன், வெட்கம் கெட்டவள். நாலாவது வீட்டு வாசலில் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீ வரமாட்டேன்னு நினைச்சேன் மோளே. வா, இரி."

உள்ளே பாயில் அவள் மகள் படுத்திருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் மஞ்சள்.

"மஞ்சப்பித்தம். மழையில லயம் முழுக்க வந்துது. இவள இருபது நாளு மெடிக்கல் காலேஜ்ல போட்டிருந்தோம். இப்ப தேவல" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். நான் கையில் வாங்கினேன். குளிர்ந்திருந்தது. மூலையில் அடுப்பைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு சுள்ளி கூட இல்லை.

"கொதிக்க வைக்கலையா அக்கா?"

"இப்ப எதுக்கு? நீ வந்து நெருப்பெல்லாம் கொளுத்தி அவ்வளவு பக்குவமா சோதிச்சிட்டுப் போனியே. ரெண்டு நாள் பாத்தோம், ஒரு மாசம் பாத்தோம். பிறகு லயத்துல யாரும் திளப்பிக்கது இல்ல. தைரியமா குடி. கெட்ட வெள்ளம்னா நீ வந்து சொல்லியிருப்பியே."

தம்ளரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அது கெட்ட தண்ணீர் என்று எனக்கு இரண்டாம் நாளே தெரியும் என்று சொன்னேன். ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். சொல்லும்போது அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் எங்கள் பரிசோதனைக் கூடத்தின் பெயரிலேயே வந்து மாதிரி எடுக்கிறேன், எழுதி அனுப்புகிறேன் என்றேன். அப்படியே எடுத்தேன், எழுதினேன், தொட்டிக்கு மூடி வந்தது. அதெல்லாம் அப்புறம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையிலிருந்த தம்ளரை வாங்கி, வாசலுக்குப் போய்த் தண்ணீரை வீசி ஊற்றினாள். திரும்பி வந்து மகளின் தலைமாட்டில் இருந்த சொம்பை எடுத்துப் போய் அதையும் ஊற்றினாள். முறத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அரிசியைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"வேல கிடைச்சுதா?"

"கிடைச்சுது அக்கா."

"என்ன வேல?"

"தண்ணி நல்லதா கெட்டதான்னு சோதிச்சுச் சொல்ற வேல" என்றேன்.